வாசலிலிருந்து ஊசி வரை

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்துக்கொண்ட இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995 டிசம்பரில் வெளியானது. மறு ஆண்டே அங்கு அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நம் மலேசிய நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அது புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே, பக்கவாதம் தாக்கிய ஒருவர் மிச்ச வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழிக்க நேர்ந்தால், மருந்து இல்லாமல் போனதுதான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. மருந்து அலமாரியில் இருக்கும். ஸ்கேன் கருவி இருக்கும். மருத்துவர் பணியில் இருப்பார். நோயாளியும் வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பார். இந்த நான்கும் ஒன்று சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது.

அந்த நேரத்தைச் சுருக்க, உலகில் பல மருத்துவமனைகள் கடைப்பிடித்துப் பலன் கண்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் ஒத்திகை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் வேலை செய்யும் ஆட்களே, அந்தப் பிரிவிலேயே, பக்கவாத நோயாளி ஒருவர் வந்துவிட்டதாகப் பாவித்து, வாசலிலிருந்து ஊசி போடும் வரை எல்லாவற்றையும் செய்து பார்ப்பது. ஜொகூரின் மாவட்ட மருத்துவமனைகளில் இது வாரந்தோறும் நடக்கும் பணியாக, கடமைப் பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம். ஆண்டுக்கு ஒருமுறை நகரத்து ஹோட்டல் அரங்கில் நடக்கும் பட்டறையால் இந்த வேலை ஆகாது.

நேரத்தின் விலையை முதலில் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவின் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டார். மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், இரத்தம் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்பது பரிசோதனைகளில் பங்கேற்ற 6,756 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பக்கவாதம் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 32.9 விழுக்காட்டினர் ஏறக்குறைய முழுமையாகத் தேறினர். மருந்து பெறாதவர்களில் அந்த அளவு 23.1 விழுக்காடு. மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களிடம் இந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. நாலரை மணி நேரம் தாண்டியதும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மருந்து பெற்றவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கு மூளைக்குள் கடுமையான இரத்தக் கசிவு ஏற்பட்டது. பெறாதவர்களிடம் அது 1.3 விழுக்காடுதான். எனவே இது கண்ணை மூடிக்கொண்டு விரையும் வேலையும் இல்லை. மூளையில் ஏற்கனவே இரத்தம் கசிந்திருக்கிறதா என்று ஸ்கேன் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் 185-க்கு 110 என்ற அளவுக்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க நோயாளி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாக வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு, மொத்தம் 90 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இத்தனையையும் அவசரமாகவும் பிழையில்லாமலும் செய்யும் பழக்கம் புத்தகத்தைப் படித்து வருவதில்லை.

சிகாமட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு வலது கை தொங்கிவிடுகிறது, வாய் கோணுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் 999-ஐ அழைக்கிறார்கள். ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவி அதிகாரி இதைப் பக்கவாதம் என்று கண்டுகொண்டு, வழியிலிருந்தே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்த அழைப்பை அங்கே யார் எடுப்பார்? எடுத்தவர் ஸ்கேன் அறைக்குச் சொல்வாரா, இல்லை நோயாளி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பாரா? வாசலில் பெயர் பதிவு முடிந்த பிறகுதான் படுக்கை நகருமா? முதலில் பார்ப்பவர் ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர் என்றால், அவர் தன் மேல்மருத்துவரை அழைப்பார், அவர் நிபுணரை அழைப்பார். ஒவ்வொரு அழைப்புக்கும் நோயாளியின் கதை முதலிலிருந்து சொல்லப்படும். ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர் வேறொரு நோயாளியைக் கிடத்தியிருக்கலாம். இரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று ஒருவர் நினைக்க, சர்க்கரை அளவு தெரிந்தால் போதும், மற்றதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று இன்னொருவர் நினைக்கலாம். எடையை யார் பார்த்தார்கள்? மருந்துப் பெட்டி எங்கே? தள்ளுபடுக்கையை யார் தள்ளுவது?

இவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் தன் வேலை தெரியும். ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்கும் இடங்களில்தான் நிமிடங்கள் கரைகின்றன. ஐந்து நிமிடம் இங்கே, எட்டு நிமிடம் அங்கே. யாருடைய பிழை என்று எந்தப் பதிவேட்டிலும் இது வராது.

இதோடு நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஹவுஸ்மேன்கள் இரண்டு ஆண்டுப் பயிற்சியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறுகிறார்கள். இன்று பக்கவாத நோயாளியை முதலில் பார்க்கும் கை, அடுத்த பருவத்தில் மகப்பேற்றுப் பிரிவில் இருக்கும். 2016 இறுதியில் ஒப்பந்த முறை வந்த பிறகு இளம் மருத்துவர்களின் மனம் ஓரிடத்தில் நிலைப்பதும் அரிதாகிவிட்டது. 2021 ஜூலை 26ஆம் தேதி அந்த முறையை எதிர்த்து அவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களில் வந்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜொகூரிலோ பாலத்தின் அந்தப் பக்கம் சிங்கப்பூர் இருக்கிறது. அனுபவம் பெற்ற தாதியரை அதன் சம்பளம் இழுத்துக்கொள்கிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தரும் பயிற்சி, அதைப் பெற்றவர்களோடு சேர்ந்தே வெளியேறிவிடும் என்பதை நிர்வாகம் உணர வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பயிற்சியும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நார்வே நாட்டின் தென்மேற்குக் கரையில் ஸ்டாவாங்கர் என்று ஒரு நகரம். அதன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பக்கவாத நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடுவதற்கு இடைநிலை அளவாக 27 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. உலகம் ஏற்றுக்கொண்ட இலக்கு 60 நிமிடம் என்பதால், அவர்கள் அப்போதே பெரும்பாலான நாடுகளுக்கு முன்னால் இருந்தார்கள். இருந்தும் 2017இல் அவர்கள் தங்கள் சிகிச்சை நடைமுறையைத் திருத்தினார்கள், வாரந்தோறும் ஒத்திகை நடத்தத் தொடங்கினார்கள். அதற்கென்று தனிக் கூடம் கட்டவில்லை, அவசரப் பிரிவிலேயே உண்மை ஆட்களோடு நடத்தினார்கள். அந்த 27 நிமிடம் 13 நிமிடமாகக் குறைந்தது. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவத் தர இதழ் ஒன்றில் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

மருத்துவ ஒத்திகை உலகத்துக்கு ஸ்டாவாங்கர் புதிய பெயர் இல்லை. அங்கே மென்பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்துகொண்டிருந்த ஓஸ்முண்ட் லேர்டால் என்பவர்தான் 1960இல் செயற்கை மூச்சுப் பயிற்சிக்கான ‘ஆன்’ என்ற பொம்மையை உருவாக்கினார். முதலுதவி வகுப்புக்குப் போன நம்மில் பலர் நெஞ்சை அழுத்திப் பழகியது அந்தப் பொம்மையில்தான். ஓர் ஊரில் தொழிலாகத் தொடங்கியது பண்பாடாகவே ஊறிவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது சாட்சி.

நடைமுறைத் திருத்தமும் ஒத்திகையும் ஸ்டாவாங்கரில் ஒன்றாகவே நடந்ததால், எத்தனை நிமிடம் எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். பின்லாந்தின் ஹெல்சிங்கி இதற்கு ஓரளவு வெளிச்சம் தருகிறது. அங்கே 1998இல் 105 நிமிடமாக இருந்த நேரம் 2011இல் 20 நிமிடமாகக் குறைந்தது. ஆம்புலன்ஸ் முன்கூட்டியே தகவல் தருவது, நோயாளியை நேராக ஸ்கேன் மேசைக்கே கொண்டுபோவது, மருந்தை அங்கேயே கலந்து ஏற்றுவது என்று ஒன்றன் பின் ஒன்றாக மாற்றம் செய்தார்கள். ஆனால் அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தக் குழுவில் இருந்த ஆட்டே மெரெட்டோயா மெல்பர்னுக்குப் போய் அதே முறையைப் புகுத்தியபோது, நான்கே மாதத்தில் அலுவல் நேரத்துக் கணக்கு 25 நிமிடத்துக்கு வந்தது. இரவிலும் வார இறுதியிலும் அந்த முன்னேற்றம் ஏற்படவில்லை. எழுதி ஒட்டிய நடைமுறை, அதை அறிந்தவர்கள் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்பதே இதன் பொருளாக எனக்குப் படுகிறது. இரவுப் பணிக்கு வரும் தாதிக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு அழைக்கப்படும் ரேடியோகிராஃபருக்கும் அது கைப்பழக்கமாக வேண்டும். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை முதலில் குழு ஒத்திகையைத் தொடங்கி, பிறகு வேறு பல பல்கலைக்கழக மருத்துவமனைகளோடு சேர்ந்து சோதித்தபோதும் நேரம் குறைந்தது.

இதே மெரெட்டோயா 2014இல் வெளியிட்ட இன்னொரு கணக்கை ஜொகூர் மாநிலச் சுகாதார இலாகாவின் சுவரில் எழுதி வைக்கலாம். ஊசிக்கு முன்னால் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளிக்குச் சராசரியாக 1.8 நாள் நலமான வாழ்வைக் கூட்டித் தருகிறது. இருபது நிமிடம் மிச்சப்பட்டால் ஒரு மாதத்துக்கு மேல், நடந்து, பேசி, தன் கையால் சாப்பிடும் வாழ்வு.

ஒத்திகை என்றதும் ஒருவரைப் படுக்க வைத்து நாடகம் ஆடுவது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் மிகவும் பயன் தரும் பகுதி நடிப்பு முடிந்த பிறகுதான் வருகிறது. பதினைந்து நிமிடம் ஓடிய ஒத்திகைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடக் கலந்துரையாடல் தேவை. யாரும் யாரையும் திட்டாமல், எங்கே தடங்கல் வந்தது, ஏன் வந்தது என்று எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். இதை நடத்துகிறவருக்குத் தனித் திறமை வேண்டும். நல்ல மருத்துவர்கள் எல்லாரும் நல்ல கலந்துரையாடல் நடத்துநர்களாக இருப்பதில்லை. பொம்மை வாங்கும் பணத்தை விட இந்தத் திறமையை வளர்க்கச் செலவிடும் பணம் அதிகப் பலன் தரும் என்று நான் நம்புகிறேன்.

நம் மருத்துவமனைகளின் படிநிலையை இங்கே பேசாமல் விட முடியாது. நிபுணர் ஒரு பக்கம், ஹவுஸ்மேன் மறுபக்கம், நடுவில் இருபது ஆண்டு அனுபவம் கொண்ட தாதி. இரத்த அழுத்தம் 190-க்கு 115 என்று திரையில் தெரிகிறது. மருத்துவர் கவனிக்காமல் மருந்துக்கு உத்தரவிடுகிறார். தாதி பார்த்துவிட்டார். சொல்வாரா? மரியாதை என்று நாம் பழகிய பழக்கம் அந்த நொடியில் நோயாளிக்கு எதிராகத் திரும்பிவிடலாம். "டாக்டர், பிரஷர் இன்னும் இறங்கவில்லை, ஊசியை நிறுத்துங்கள்" என்ற சொற்களை ஒரு தாதி உரக்கச் சொல்லவும், அதைக் கேட்ட மருத்துவர் "நன்றி, நிறுத்துகிறேன்" என்று பதில் சொல்லவும் ஓர் இடம் வேண்டும். யாருடைய உயிரும் பணயத்தில் இல்லாத இடம் ஒத்திகைதான். ஒருமுறை அங்கே சொல்லிவிட்டவர்க்கு உண்மையான இரவில் நா எழும்.

மருந்தும் மாறிக்கொண்டிருக்கிறது. டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்து பல நாடுகளில் பழைய மருந்தின் இடத்துக்கு வருகிறது. சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டியதில்லை, ஒரே ஊசியில் வேலை முடிந்துவிடும். ஆனால் பக்கவாதத்துக்கு அதன் அளவு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்சம் 25 மில்லிகிராம். மாரடைப்புக்கு அதே மருந்து ஏறத்தாழ இரு மடங்கு அளவில் தரப்படுகிறது. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு மாற்றத்தைச் சுற்றறிக்கை அனுப்பி மட்டும் நடத்தக்கூடாது.

இனி நம்மவர்களைப் பற்றி. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே பத்தில் மூன்று பேருக்கு இருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பக்கவாதத்தின் இரண்டு பெரிய வாசல்கள். சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் பக்கவாதம் போலவே கை தளர்ந்து, பேச்சுக் குழறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து போடுவது தவறு, குளுக்கோஸ் போதும். ஆக, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் அரை நிமிட வேலை மற்றவர்களை விட நம் சமூகத்து நோயாளிக்கு முக்கியம்.

மொழி அதைவிடப் பெரிய சிக்கல். பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகமெங்கும் ஓர் அளவுகோல் பயன்படுகிறது. 0 முதல் 42 வரை மதிப்பெண். அதில் நோயாளியிடம் முதலில் கேட்பவை இரண்டு. இது என்ன மாதம்? உங்கள் வயது என்ன? லயாங் லயாங் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் மலாயில் மாதம் கேட்டால், அவர் "ஆடி" என்று சொல்லலாம். அவருடைய நாட்காட்டியில் அது சரியான விடை. கேட்ட இளம் மருத்துவருக்கு அது குழறிய ஓர் ஒலி. வயதைக் கேட்டாலும் அப்படித்தான். தோட்டத்தில் பிறந்த அந்தத் தலைமுறையில் அடையாள அட்டையில் உள்ள பிறந்த நாள் பலருக்கு உத்தேசமாக எழுதப்பட்டது. பிறகு பெயர் சொல்லச் சொல்லி ஒரு படத்தாளைக் காட்டுவார்கள். அதில் கள்ளிச்செடி, இறகு, வலைத்தொட்டில், கையுறை. மேல்நாட்டுச் சமையலறை ஒன்றில் தண்ணீர்த் தொட்டி வழிய, சிறுவன் முக்காலியில் ஏறி பிஸ்கட் திருடும் இன்னொரு படத்தை விவரிக்கச் சொல்வார்கள். பேச்சு போய்விட்டதா, மொழி புரியவில்லையா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பல மொழி தெரிந்தவருக்குப் பக்கவாதம் எல்லா மொழிகளையும் ஒரே அளவில் பறித்துவிடும் என்பதும் இல்லை. மலாய் போய்த் தமிழ் எஞ்சியிருக்கலாம்.

ஜொகூரில் இது அன்றாடம் நேரக்கூடிய ஒன்று. ஒத்திகையில் நோயாளியாக வருகிறவர் எப்போதும் மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேசும் இளம் தாதியாக இருந்தால், குழுவுக்கு இந்தச் சூழல் பழக்கமாகாது. தமிழ் மட்டும் பேசும் பாட்டி, தியோச்சு பேசும் தாத்தா, மொழிபெயர்க்க ஆள் இல்லாத இரவு. இவற்றை வைத்துத்தான் பயிற்சி வேண்டும். மொழிபெயர்க்கக் கூடியவர் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பார். அவர் எக்ஸ்ரே அறையில் இருக்கலாம், துப்புரவுப் பணியில் இருக்கலாம். அவர் யார், இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் சுவரில் இருந்தால் ஐந்து நிமிடம் மிச்சம். அந்தப் பட்டியல் இல்லை என்பதை முதல் ஒத்திகையே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பாலம். ஜொகூர் பாரு, கூலாய், பாசீர் கூடாங் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் விடியற்காலை நான்கு, நாலரை மணிக்கே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது பெரியவர்களும் பேரப்பிள்ளைகளும். காலை ஏழு மணிக்குப் பாட்டி கீழே கிடப்பதைப் பேரன் பார்க்கிறான். மருந்து தரலாமா என்று முடிவு செய்ய, பாட்டி கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பது தெரிய வேண்டும். நாலரை மணிக்கு மகன் கிளம்பும்போது தேநீர் போட்டுக் கொடுத்தார் என்றால், நாலரை மணி நேரக் கெடு காலை ஒன்பது மணிக்கு முடிகிறது. ஐந்தே முக்கால் மணிக்குப் பக்கத்து வீட்டார் அவரைக் கோலம் போடப் பார்த்தார்கள் என்றால், அதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரம் கையில் இருக்கிறது. மகனின் கைப்பேசியோ தொழிற்சாலை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஆம்புலன்ஸில் வரும் உதவி அதிகாரி, வீட்டு வாசலிலேயே அக்கம்பக்கத்தாரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் சொன்னவரின் எண்ணையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஸ்டாவாங்கரில் எழுதிய ஒத்திகைக் கதையில் இது இருக்காது. ஜொகூரின் கதையை ஜொகூர்தான் எழுத வேண்டும்.

அந்தக் கதைக்கு நடிகர்கள் வேண்டும். நலமான ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து நோயாளியாக நடிக்க வைக்கும் முறையை 1963இல் தென் கலிஃபோர்னியாவில் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ். அவரும் நரம்பியல் மருத்துவர்தான். ஓவியர்களுக்கு மாதிரியாக நின்ற ஒரு பெண்ணை, கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். அன்று சிலர் அதை மருத்துவத்துக்கு ஒவ்வாத வேடிக்கை என்று கருதினார்கள். இன்று உலகின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதுவே தேர்வு முறை. நம் மாநிலத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், கோயில் விழா மேடைகளில் நாடகம் போட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு பிற்பகல் ஒதுக்கி, கை தளர்ந்தவராக, வாய் கோணியவராக, சொல் கிடைக்காமல் தவிப்பவராக நடிக்க இவர்கள் முன்வந்தால், பல லட்சம் ரிங்கிட் விலையுள்ள கணினிப் பொம்மை செய்ய முடியாத உதவியைச் செய்தவர்கள் ஆவார்கள். பொம்மை தமிழ் பேசாது. இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது, ஜொகூர் பாருவில் மோனாஷ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் பயில்கிறார்கள். நடிப்பவர்களுக்குப் பயிற்சி தர ஆளுக்குப் பஞ்சமில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையின் அவசரப் பிரிவைப் பார்த்த எவரும் அந்தக் கேள்வியை ஏளனம் செய்ய மாட்டார்கள். நடைபாதை வரை படுக்கை நிற்கும் இடத்தில் நாடகம் எதற்கு? என் பதில் இது. தாதியரின் காலைப் பணி பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்து அடுத்த குழு பொறுப்பேற்கிறது. இரண்டு குழுவினரும் ஒன்றாக நிற்கும் வேளை அது. பதினைந்து நிமிட ஒத்திகைக்கு அந்த வேளை உகந்தது. நோயாளிகள் குவிந்த நாளில் தள்ளி வைக்கலாம், கைவிடக் கூடாது. இரவுக் குழுவுக்கு மாதம் ஒருமுறை இரவிலேயே நடத்த வேண்டும்.

2016 அக்டோபர் 25ஆம் தேதி அதே சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்தது. ஆறு நோயாளிகள் இறந்தார்கள். புகை சூழ்ந்த நேரத்தில் யார் எந்தப் படுக்கையை எந்த வாசலுக்குத் தள்ளுவது என்பதை அந்த நொடியில் யோசிக்க முடியாது என்பதை இந்த மாநிலம் துயரத்தோடு அறிந்தது. தீ ஒத்திகைக்கு நேரமில்லை என்று அதற்குப் பிறகு எந்த மருத்துவமனை சொல்லும்? தீ எப்போதாவது வருகிறது. பக்கவாதம் ஒவ்வொரு வாரமும் வருகிறது.

தொலைவு இன்னொரு கேள்வி. மெர்சிங்கிலிருந்து ஜெமாலுவாங், கோத்தா திங்கி வழியாக ஜொகூர் பாரு 130 கிலோமீட்டருக்கு மேல். சிறிய மருத்துவமனைக்கு வரும் நோயாளியை ஸ்கேனுக்காகவோ, குழாய்க்குள் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்காகவோ பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேரிடும். அந்தக் கம்பிச் சிகிச்சை பலன் தரும் என்று 2015இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து உறுதி செய்தன. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவும் என்று 2018இல் தெரிந்தது. ஆகவே மாற்றி அனுப்புவதும் சிகிச்சையின் பகுதி. முதல் மருத்துவமனையில் நோயாளி எத்தனை நிமிடம் கிடந்தார் என்பதே பலரது விதியை முடிவு செய்கிறது. வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாமல் நிறுத்தி வைப்பதா? கடிதம் தட்டச்சு செய்யும் வரை காத்திருப்பதா, தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புவதா? வழியில் இரத்த அழுத்தம் ஏறினால் யார் முடிவெடுப்பார்? மெர்சிங், கோத்தா திங்கி, ஜொகூர் பாரு மூன்றையும் ஒரே ஒத்திகையில் இணைத்து, உண்மையான ஆம்புலன்ஸை உண்மையான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற கதை வேண்டும்.

தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரெஸ்ஸர் ஐயா என்று ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்கு ஓட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் வாசல். இன்று அந்த முதல் வாசலில் நிற்பவர்கள் அரசு கிளினிக் தாதிகளும் ஆம்புலன்ஸ் உதவி அதிகாரிகளும். ஒத்திகைக்கு அவர்களை அழைக்க மறந்துவிடுவது எளிது, ஏனென்றால் அவர்கள் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் இல்லை. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் ஒத்திகை பாதி வேலைதான்.

மாநிலச் சுகாதார இலாகா முதலில் செய்ய வேண்டியதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பக்கவாத ஊசி போடும் ஒவ்வொரு மருத்துவமனையும், வாசலிலிருந்து ஊசி வரை ஆன நேரத்தை, அலுவல் நேரம் தனியாகவும் இரவு தனியாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்க்க வெளியிடட்டும். ஒத்திகை எத்தனை முறை நடந்தது, எத்தனை முறை தள்ளிவைக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். சட்டமன்றத்தில் கேள்வி கேட்க நம் பிரதிநிதிகளுக்கு அப்போது ஓர் எண் கிடைக்கும். ஹவுஸ்மேன்கள் பிரிவு மாறிய மறு வாரமே ஓர் ஒத்திகை கட்டாயம் என்ற விதியையும் இதோடு சேர்க்க வேண்டும், ஏனென்றால் குழு மிகவும் புதிதாக, மிகவும் பலவீனமாக இருப்பது அந்த வாரத்தில்தான். தொடங்குவதற்கு ஜொகூர் பாருவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிபுணர் கூட்டம் தொலைவில் இருந்து, பொது மருத்துவர்களும் தாதியருமே பெரும்பாலான முடிவுகளைச் சுமக்கும் சிகாமட்டில் தொடங்கலாம். அங்கே நிமிடங்கள் குறைந்தால், மற்ற மருத்துவமனைகளை இணங்க வைக்க அந்த எண்களே போதும்.